புல்வெட்டுக் கணக்கில் வராத செடி: ஒரு தோட்டப்புற நகரில் பார்த்தீனியம்

மாடு மேய்ந்து முடித்த தரையில் எது மிச்சம் நிற்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள் எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள். மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊரில் அப்படிப் பார்த்தவர் மாட்டுக்காரத் தாத்தா. 2019 அக்டோபர் மழைக்குப் பிறகு ஒரு நாள், தாமானின், அதாவது எங்கள் குடியிருப்பின், கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் பெரிய கால்வாய்க் கரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மாடுகள் புல்லை மண்ணோடு ஒட்டக் கறித்துவிட்டுப் போயிருந்தன. நடுவில் ஏதோ ஒரு செடி மட்டும் முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. இலை கேரட் இலை போலக் கிழிந்திருந்தது. உச்சியில் பொரியை உதிர்த்தாற்போல் வெள்ளைப் பூ.

"என்னா செடி கண்டக்டரே இது? மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது."

நான் முப்பது ஆண்டுக்கு மேல் தோட்டத்தில் வெளிவேலைக் கண்டக்டராக, அதாவது வேலையை மேற்பார்ப்பவனாக இருந்தவன். களை எனக்குச் சோறு போட்ட தொழில். ஒரு இலையைக்கூடக் கிள்ளிப் பார்க்காமல், "உலாம் ராஜாக் கீரைதான் தாத்தா, பாசார் மாலாம்ல கட்டுக் கட்டா விக்கிறானே, அது காட்டுல விளைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த நிகழ்வில் நடந்த முதல் தவறு என்னுடையது. ஏறக்குறைய மூன்று மாதத்தை அது தின்றது.

ஜனவரியில் உரக்கடைச் சுவரில் விவசாயத் துறையின் சுவரொட்டி ஒன்றைப் பார்த்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். மலாயில் 'ரும்பாய் மியாங் மெக்சிகோ' என்று போட்டிருந்தது. தமிழ்நாட்டில் எல்லாரும் அறிந்த பார்த்தீனியம்தான் அது. உலாம் ராஜாவுக்குப் பூ இளஞ்சிவப்பு, இலையைக் கசக்கினால் மாங்காய் வாசம். பார்த்தீனியத்தின் தண்டில் நீளவாக்கில் வரி ஓடும், மெல்லிய முடி இருக்கும். பூ குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிது, ஐந்து மூலை வைத்த மாதிரி தெரியும். குனிந்து பார்த்திருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

செடியின் பூர்வீகம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய வெப்ப நாடுகளும். இந்தியாவில் 1955-இல் பூனாவில் கண்ணில் பட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையோடு வந்தது என்று சொல்வார்கள். அங்கே அதற்குக் 'காங்கிரஸ் புல்' என்றும் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. மலேசியாவில் அது பதிவானது 2013-இல், சிலாங்கூரின் பத்தாங் காலியில். பிறகு கெடா, பேராக் என்று போயிற்று. ஒரு செடி சுமார் பதினைந்தாயிரம் விதை உதிர்க்கும், வளம் கிடைத்தால் ஒரு லட்சத்தை எட்டும். முளைத்த ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூ. மண்ணுக்குள் புதைந்த விதை ஆண்டுக்கணக்கில் உயிரை வைத்துக்கொண்டு கிடக்கும். அதிலுள்ள பார்த்தீனின் என்ற நச்சு தோலில் பட்டுப் பட்டுப் பழகிய பிறகு ஒரு நாள் உடம்பு எதிர்க்கத் தொடங்கும்: தடிப்பு, அரிப்பு, சிலருக்கு மூச்சிறைப்பு. மாடு தின்றால் பால் கசக்கும், அதிகம் தின்றால் மாடே போய்விடும்.

நானூறு காலடியில் ஆறு சொந்தக்காரர்கள்

தாமானின் கடைசி வீட்டிலிருந்து பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் வரை என் நடைக்கு நானூறு காலடி. ஒரு நாள் காலையில் நோட்டுப் புத்தகத்தோடு நடந்து, ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று எழுதிக்கொண்டே போனேன். வீடுகளுக்குப் பின்னால் உள்ள திறந்தவெளி நகராண்மைக் கழகத்துடையது. பெரிய கால்வாயும் கரையும் வடிகால் துறையின் ஒதுக்கீடு. பிரதான சாலையின் தோள் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. அதை ஒட்டி, வீடு கட்டுவதாகச் சொல்லிப் பாதியில் விட்டுப்போன மேம்பாட்டாளரின் காலி நிலம். உரிமையாளர் எங்கேயோ கோலாலம்பூரில். பிறகு தோட்டத்து எல்லைச் சாலை, அது கம்பெனியுடையது. கடைசியில் கோயில். கோயில் நிற்பது தோட்டத்து நிலத்தில், ஆனால் வாசலைப் பெருக்குவது கோயில் கமிட்டி. ஆறு பேர். பார்த்தீனியம் ஐந்து துண்டில் இருந்தது. கோயில் வாசலில் மட்டும் அப்போது இல்லை.

அதிகாரம் யாரிடம் என்பது இன்னும் சிக்கல். நிலம், விவசாயம், ஊராட்சி மூன்றும் நம் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் இருப்பவை. ஆனால் ஆபத்தான பயிர்ப்பகையை ஒழிக்கச் சொல்லி நிலம் வைத்திருப்பவருக்கு ஆணையிட உதவும் சட்டம் 1976-ஆம் ஆண்டின் தாவரத் தடைகாப்புச் சட்டம். அதைக் கையில் வைத்திருப்பது விவசாயத் துறை. நகராண்மைக் கழகத்தின் கையில் இருப்பது அதே ஆண்டில் வந்த ஊராட்சி மன்றச் சட்டம். அதில் தொல்லை என்ற ஒரு கருத்து உண்டு. உடல்நலத்துக்குக் கேடான நிலையில் ஒரு இடம் கிடந்தால் 82-ஆம் பிரிவின்படி அதைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். எலி, கொசு, தேங்கிய தண்ணீர், புதர் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆயுதம். செடியின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார்கள். அந்தச் செடியின்மேல் மாதம் இருமுறை கத்தியை ஓட்டுகிறவர்கள் வேறோர் அலுவலகத்திலிருந்து சம்பளம் வாங்குகிறார்கள்.

கேடான களை என்ற சொல்லும் ஆளுக்கு ஆள் வேறு. தோட்டத்தில் நாங்கள் வைத்திருந்த பட்டியலில் முதலிடம் லாலாங் புல்லுக்கு. அடுத்தது மரத்தைப் போர்த்திக்கொள்ளும் செலாபுத் துங்குல் கொடி, பிறகு செண்டுடோக், உண்ணிச்செடி, காப்பால் தெர்பாங். பால்மரத்துக்கோ செம்பனைக்கோ போக வேண்டிய உரத்தைத் தின்பது எதுவோ அது கேடு. மற்றதெல்லாம் மெத்தென்ற களை, மண்ணைப் பிடித்து வைக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். பார்த்தீனியம் வெயில் கேட்கும் செடி. வளர்ந்த செம்பனையின் நிழலுக்குள் அதற்கு வேலை இல்லை. தோட்ட நிர்வாகியிடம் போய்ச் சொன்னபோது, "ஏங்க கண்டக்டர், நம்ம மரத்தடியில இல்லாத செடிக்கு நான் எந்தக் கணக்குல செலவு எழுதுறது?" என்று கேட்டார். நானே அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்ட காலம் உண்டு, ஆகவே கோபம் வரவில்லை. விவசாயத் துறையின் பட்டியலில் பார்த்தீனியமும், 1980-இல் கிளந்தானில் பதிவான யானைத் தொட்டாற்சுருங்கியும் இருக்கின்றன. நகராண்மைக் கழகத்திடம் பட்டியலே இல்லை. அங்கே புல் நீளமாக இருக்கும், அல்லது கட்டையாக இருக்கும்.

கையுறை இல்லாத ஞாயிற்றுக்கிழமை

பிப்ரவரியில் குடியிருப்பாளர் சங்கம் கோத்தோங் ரோயோங், அதாவது ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலை, வைத்தது. ஏற்பாடு நான். முப்பது பேருக்கு நாசி லெமாக் சொல்லத் தெரிந்த எனக்குக் கையுறை வாங்கத் தோன்றவில்லை. தோட்டத்தில் மருந்தடித்துப் பழகிய அக்காமார்கள் முன்வரிசையில் வந்து, வெறுங்கையால் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு போய் ஓரமாகக் குவித்தார்கள்.

அதில் ஒரு அக்கா பதினெட்டு ஆண்டு முதுகில் தோம்பு சுமந்து பாராகுவாட் களைக்கொல்லி அடித்தவர். நகம் கழன்றதைப் பார்த்தவர், மூக்கில் ரத்தம் வடிந்ததைத் துடைத்துக்கொண்டு அடுத்த நிரைக்குப் போனவர். அந்த மருந்துக்கு இங்கே முழுத்தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதியில், அதாவது நாங்கள் கூடிய அந்த ஞாயிறுக்குச் சில வாரம் முன்புதான். "மருந்து இல்லாமப் புடுங்குறதுல என்னா வரப்போவுது தம்பி" என்று சிரித்தார். மூன்றாம் நாள் இரண்டு முழங்கை மடிப்பும் கழுத்தும் கண்ணிமையும் வீங்கிக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் முதலில் சாயம் போட்ட சேலையா, முடிச் சாயமா என்று கேட்டிருக்கிறார். செடியைப் பற்றி அக்காவாகச் சொன்ன பிறகே மருந்து மாறியது. கிளினிக்குக்குப் போன செலவை நான் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் வெயிலில் போனால் கழுத்து அரிக்கிறதாம்.

பிடுங்கிய குவியலை என்ன செய்வது என்பதும் அந்த ஞாயிறு மதியம்தான் நினைவுக்கு வந்தது. கொளுத்திவிடலாம் என்றார்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். பூத்த செடியைக் குப்பை லோரியில் ஏற்றினால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போகும். கறுப்புப் பைகளில் இரண்டு மடிப்பாகக் கட்டி, வெயிலில் வேகப்போட்டு, பிறகு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். பை கட்டும்வரை குவியல் கிடந்த இடத்தில்தான் ஏப்ரலில் நாற்றங்கால் மாதிரி முளைத்தது.

செலெசாய்

அதே பிப்ரவரியில் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போட்டேன், படத்தோடு. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கால்வாய்க் கரையைச் சீராக வெட்டி முடித்த படம், கீழே மலாயில் 'செலெசாய்', அதாவது முடிந்தது, என்று ஒரு சொல். புகார் முடித்துவைக்கப்பட்டது. படத்தில் கரை மொட்டையடித்த தலை மாதிரி அழகாகத்தான் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். வெட்டப்பட்ட ஒவ்வொரு தண்டின் அடியிலும் பக்கக் கிளை துளிர்க்கத் தொடங்கியிருந்தது. தலையை வெட்டினால் பார்த்தீனியம் சாவதில்லை, குட்டையாகக் கிளைத்து, கத்திக்கு எட்டாத தாழ்வில் மறுபடி பூக்கும். பூத்து முற்றிய செடியை நைலான் கயிறு சுழலும் மெஷினால் அடித்தால் விதை பத்தடி தள்ளிப் போய் விழும். மிச்சம் மெஷின் மூடியிலும் தொழிலாளியின் பூட்ஸ் அடியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தாமானுக்குப் போகும்.

இது எனக்கு உறைத்தது மார்ச் 18-க்குப் பிறகுதான். கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, புல்வெட்டு நின்றது. ஏழு வாரம் ஊரே காடாகிவிடும் என்று நினைத்தோம். லாலாங்கும் மற்ற புல்லும் இடுப்பளவுக்கு வந்தன, உண்மை. ஆனால் பார்த்தீனியம் முன்பு எங்கே இருந்ததோ அங்கேயேதான் அடர்ந்தது, பெரிதாக இடம் மாறவில்லை. உதிர்ந்த விதை தாய்ச்செடியின் காலடியிலேயே விழுந்தது. மே மாதம் கட்டுப்பாடு தளர்ந்ததும் வெட்டு மீண்டும் தொடங்கியது. வங்காளதேசத் தம்பிகள் நால்வர், கால்வாய்க் கரையில் ஆரம்பித்து, திறந்தவெளி, பிள்ளைகள் விளையாடும் பாடாங், தமிழ்ப்பள்ளி வேலியோரம் என்று ஒரே நாளில் போனார்கள். ஜூலையில் நான் நோட்டுப் புத்தகத்தோடு நடந்தபோது முளைகள் அவர்கள் போன வழியிலேயே, அதே வரிசையில், பள்ளி வேலிவரை போயிருந்தன. காற்று அப்படி மூலைக்கு மூலை திரும்பி நடக்காது.

பழி அந்தத் தம்பிகள் மேல் இல்லை. அவர்களுக்குக் கொடுத்த அட்டவணையில்தான் கோளாறு. திறந்தவெளிக்கு மாதம் இரண்டு வெட்டு, கால்வாய்க் கரைக்கு ஒதுக்கீடு வரும்போது, சுமாராக இரண்டு மாதத்துக்கு ஒன்று. பார்த்தீனியம் முளைத்துப் பூத்து விதை முற்ற எவ்வளவு நாள் வேண்டுமோ கிட்டத்தட்ட அதே இடைவெளி. யாரும் திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது.

காலி நிலத்துக் கதை இதைவிடக் கசப்பு. அங்கே நோட்டீஸ் வேலை செய்தது. கொசுவையும் புதரையும் காரணம் காட்டித் தொல்லை நோட்டீஸ் போயிற்று, உரிமையாளர் ஆள் அனுப்பிக் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தார். நிலம் முழுக்கப் பழுப்பாகக் காய்ந்தது. நோட்டீசுக்கு அடங்கியதாகப் பதிவாயிற்று. போட்டிக்கு ஒரு புல்கூட இல்லாத வெறும் மண்ணில் அடுத்த மழைக்குப் பார்த்தீனியம் விரித்த பாய் மாதிரி வந்தது. லாலாங் வெட்டிய வெற்று மண்ணை அப்படியே விடக்கூடாது, மூடுகொடி போட வேண்டும் என்று வேலைக்குப் புதிதாய் வந்த கங்காணிகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததுண்டு. ஒரு சட்ட நோட்டீசில் அதை எங்கே எழுதுவது?

கட்டம் இல்லாத பாரம்

ஆகஸ்டில் பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், கூட்டம். நகராண்மைக் கழக உறுப்பினர் வந்தார், விவசாயத் துறையிலிருந்து ஓர் இளைய அதிகாரி வந்தார், புல்வெட்டுக் குத்தகையாளர் வந்தார். ஊராட்சித் தேர்தல் இந்த நாட்டில் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து உறுப்பினர் என்பவர் நியமனம்தான், நம் ஓட்டுக்கு அவர் பயப்படத் தேவையில்லை. இருந்தாலும் இவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். அதிகாரியம்மா ஒரு செடியைக் கண்ணாடிப் புட்டியில் கொண்டுவந்து எல்லார் கைக்கும் சுற்றவிட்டார்.

குத்தகையாளர் நம்மவர். கடைசியாகத்தான் வாயைத் திறந்தார்.

"ஐயா, எனக்குக் காசு மீட்டர் கணக்குக்கு. வெட்டின படம் அனுப்பினாத்தான் கிளைம். என்னா செடி வெட்டுனன்னு எழுத பாரத்துல கட்டமே இல்ல. புடுங்குனா ஒரு நாள் ஆள் சம்பளம் என் கையில இருந்து. நீங்களே சொல்லுங்க."

அதுவரை நான் சட்டத்தைப் பற்றியும் எந்தப் பிரிவில் வழக்குப் போடலாம் என்பதைப் பற்றியும்தான் பேசிக்கொண்டிருந்தேன். கர்நாடகத்தில் 1975-லேயே பார்த்தீனியத்தைக் கேடான களை என்று அறிவித்தார்கள் என்று பெருமையாக வேறு சொன்னேன். அறிவித்த பிறகும் அங்கே அது ஏக்கர் ஏக்கராகப் பரவியதை அதிகாரியம்மா மரியாதையாக நினைவூட்டினார். ஆனால் குத்தகையாளர் சொன்ன அந்தக் கட்டத்தை உண்டாக்கப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. வேலை ஆணையில் சில வரி சேர்த்தார்கள். பார்த்தீனியம் உள்ள துண்டுகளில் சிவப்புச் சாயம் அடித்த குச்சி நடுவது. குச்சிக்குள் மெஷின் போகுமுன் பூக்காத செடியைக் கையுறையோடு வேரோடு பிடுங்குவது. பூத்திருந்தால் பூவைப் பைக்குள் விட்டுக் கட்டிய பிறகே தண்டில் கை வைப்பது. வரிசையைத் தலைகீழாக்கி, பள்ளியில் தொடங்கிக் கால்வாயில் முடிப்பது. முடித்த இடத்திலேயே மெஷினையும் பூட்ஸையும் கழுவுவது. பிடுங்கும் நாளுக்குத் தனிக் கூலி. கிளைமுக்கு வெட்டிய படம் மட்டும் போதாது, வெட்டுமுன் எடுத்த படமும் வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் மற்றதையெல்லாம் வேலை செய்யவைத்தது என்று நினைக்கிறேன். வெட்டுமுன் படம் எடுக்க வேண்டும் என்றால் ஒருவர் வெட்டுமுன் குனிந்து பார்த்தாக வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். குச்சியை யாரோ விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தனிக் கூலி இரண்டு தடவை தாமதமானது, அந்த இரண்டு தடவையும் பழையபடி வெறும் வெட்டு. பொதுப்பணித் துறையின் சாலைத் தோளை வெட்டுவது வேறு குத்தகையாளர், அவருடைய ஆணையில் அந்த வரிகள் கிடையாது, அவர் கூட்டத்துக்கும் வரவில்லை. தோட்டம் மட்டும் எதிர்பாராமல் மனம் மாறியது. எல்லைச் சாலை ஓரத்துப் பிளாக்கில் பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்யப் போகிறார்கள் என்று ஆனதும், வெயில் படப்போகும் மண் நிர்வாகியின் கணக்குக்குள் வந்துவிட்டது. லோரிகளை அந்தச் சாலையில் விடவில்லை, ஓரத்தில் மூடுகொடி போட்டார்கள். கால்வாய்க் கரையில் நாங்கள் மாட்டுப்புல் கரணைகளைப் பதித்தோம். பிடித்த இடத்தில் பார்த்தீனியம் மெலிந்து, ஆங்காங்கே ஒன்றிரண்டாகத்தான் வருகிறது. பிடிக்காத இடத்தில் மாதாமாதம் பிடுங்குகிறோம். பள்ளி வேலியோரம் 2022-க்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

போன ஆண்டு கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாசலை மேடாக்க இரண்டு லோரி மண் வந்தது. எங்கிருந்து வந்த மண் என்று கமிட்டித் தலைவருக்கும் தெரியவில்லை. லோரி பின்பக்கத்தைத் தூக்கப்போன நேரத்தில் மாட்டுக்காரத் தாத்தா கோலை நீட்டி நிறுத்தினார். மாடுகளை விற்று ஓராண்டு ஆகிறது, கோல் மட்டும் கையில் இருக்கிறது. ஏறி நின்று இரண்டு கை மண்ணை அள்ளி வெயிலில் பார்த்தார்.

"இதுல ஒண்ணுந் தெரியல கண்டக்டரே. மழை பேஞ்சாத்தான் சொல்லும். தனியாக் கொட்டச் சொல்லுங்க, ஒரு மாசம் பாப்போம்."

கும்பாபிஷேகத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்தார், நான் தாத்தாவைப் பார்த்தேன். மண்ணை வேலிக்கு வெளியே கொட்டச் சொன்னோம். வாசல் மேடாகாமலேயே குடமுழுக்கு நடந்தது. அந்தக் குவியலில் இதுவரை ஏழு செடி பிடுங்கியிருக்கிறோம்.